குண்டனி நாட்டு விருந்துச் செலவு

தம்பிகளே,

போன வாரம் நாமக்கல் கோர்ட்டு வாசல் புளியமரத்தடியில் நீங்கள் போட்ட சண்டையை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்குக் காது மந்தம் என்று ஒரு பேச்சு உண்டு. வேண்டாத விஷயத்துக்கு மட்டும்தான் அது மந்தம். யுத்தம் முடிந்து சட்டசபைத் தேர்தல் திரும்பவும் வருகிறது. உங்களில் மூன்று பேரைத் தேர்தலுக்கு நிற்கிற அபேட்சகர்களின் ஆட்கள் இப்போதே வளைத்துப் போட்டுவிட்டார்கள் என்று தெரிகிறது. சந்தோஷம். வக்கீல் குமாஸ்தாவுக்கு நாலு காசு வருவதே இந்த மாதிரி சமயத்தில்தான்.

ஒரு தம்பி சொன்னான்: "அவரவர் பணம், அவரவர் செலவு. இவ்வளவுக்கு மேல் செலவு பண்ணாதே என்று சொல்ல சர்க்கார் யார்?" இன்னொருவன் சொன்னான்: "வரம்பு இல்லாவிட்டால் பணக்காரனைத் தவிர எவனும் நிற்க முடியாது." இரண்டும் கேட்க நன்றாகத்தான் இருந்தன. மூன்றாவதாக ஒருவன், பெயர் சொல்ல மாட்டேன், வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னான்: "வரம்பு வைத்தால்தான் என்ன? கடைசியில் கணக்கு எழுதப்போவது நாம்தானே." எல்லோரும் சிரித்தீர்கள். நான் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டேன். கிழவனுக்குக் கோபம் வந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அதே வார்த்தையை, கிட்டத்தட்ட அதே சிரிப்போடு, நானும் சொல்லியிருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மனு எப்படி எழுதுவது, ஸ்டாம்பு எங்கே ஒட்டுவது என்பதையெல்லாம் யாரிடம் கேட்டாலும் சொல்லித் தருவார்கள். அதில் பிழை வந்தால் திருத்திக்கொள்ளலாம். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு கிரயப் பத்திரத்தில் கிழக்கை மேற்காக எழுதிவிட்டேன். ஒருவருடைய கிணறு பக்கத்துத் தோட்டக்காரருக்குப் போய்விட்டது. இரண்டு வருஷம் வழக்கு நடந்தது. எங்கள் வக்கீல் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். கிணற்றுக்காரர் ஒரு மாதம் என் வாசலில் வந்து நின்று ஏசினார். ஆனாலும் கடைசியில் பிழைதிருத்தப் பத்திரம் எழுதிக் கிணறு அவருக்கே வந்து சேர்ந்தது. அது மையால் வந்த பிழை. நான் சொல்லப்போவது அப்படிப்பட்டதில்லை.

போன சட்டசபைத் தேர்தலில் எங்கள் வக்கீல் ஒரு மிட்டாதாருக்கு ஏஜண்டாக இருந்தார். மிட்டாதார் அடிவாரத்தில் பல கிராமங்களுக்கு உடையவர். நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை, யாரிடமும் இரைந்து பேசியதில்லை. கை மட்டும் தாராளம். அவரை எதிர்த்து நின்றவர் வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவரிடம் ஒரு துணிப்பையும் ஒரு குடையும் இருந்தன. செருப்புக்கூட ஒரே ஜோடிதான்.

அப்போது ஓட்டு எல்லோருக்கும் கிடையாது. இப்போதும்தான் கிடையாது. நிலவரி கட்டுகிறவனுக்கு உண்டு, எழுதப்படிக்கத் தெரிந்தவனுக்கு உண்டு. கொல்லிமலை மேலே, சில ஊர்கள் சேர்ந்த குண்டனி நாட்டில் எழுதப்படிக்கத் தெரிந்தவர் அந்தக் காலத்தில் யாருமில்லை. வரி கட்டி ஓட்டு வைத்திருந்தவர்கள் மொத்தம் இருபது பேர்தான். அந்த இருபது ஓட்டுக்காக மிட்டாதார் மலைமேல் ஒரு விருந்து போட்டார். எட்டு ஆடு, ஆறு மூட்டை அரிசி. அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து எல்லாம் தலைச்சுமையாக ஏறியது. சாமைச் சோறும் களியும் தின்கிற ஊரில் வெள்ளை அரிசிச் சோறு என்றால் கேட்க வேண்டுமா? ஓட்டு இருபதுதான் என்றாலும் சாப்பிட வந்தது நாடு முழுவதும். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். இலை போடுவதை மேற்பார்வை பார்த்தேன்.

வாத்தியாரும் அந்த மலைக்குப் போனார். விருந்துக்குப் பத்து நாள் முன்னால், தனியாக, நடந்தே ஏறினார். ஊர்க்கவுண்டர் சடையக் கவுண்டர் வீட்டில் களியும் கீரையும் சாப்பிட்டுவிட்டு, கிணறு வெட்டுவது, பள்ளிக்கூடம் வைப்பது என்று ஏதோ பேசிவிட்டு இறங்கிவிட்டார்.

ஓட்டுப் போடும் நாளன்று குண்டனி நாட்டுக்காரர்கள் இருபது பேரும் வரிசையாக இறங்கி வந்தார்கள். ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஒரு வர்ணப் பெட்டி. எல்லோரும் மிட்டாதாரின் வர்ணத்தில் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். நான் சடையக் கவுண்டரிடம், "வாத்தியாரு ஒங்களுக்கு ரொம்ப வேண்டியவருன்னு சொன்னாங்களே கவுண்டரே?" என்று சீண்டிப் பார்த்தேன்.

"வேண்டியவருதானுங்க. நல்ல மனுசன்," என்றார் அவர். "ஆனா அவரு எங்க ஊட்டுச் சோத்தைத் தின்னாரு. நாங்க மிட்டாதாரு சோத்தைத் தின்னுட்டோம். அப்ப நாங்க யாருக்குக் கட்டுப்பட்டவங்க, நீங்களே சொல்லுங்க. உண்ட ஊட்டுக்கு ரெண்டகம் பண்ணலாமுங்களா?"

நான் சிரித்தேன். எங்கள் கட்சிக்கு அது லாபமான நியாயம். அந்த நியாயத்துக்கு இன்னொரு முனை உண்டு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மிட்டாதார் ஜெயித்தார். அதற்குப் பிறகுதான் தலைவலி ஆரம்பித்தது. அபேட்சகர் இவ்வளவுக்கு மேல் செலவு செய்யக் கூடாது என்று சர்க்கார் ஒரு வரம்பு போட்டிருந்தது. தேர்தல் முடிந்து குறிப்பிட்ட நாளுக்குள் செலவுக் கணக்கைச் சர்க்கார் கச்சேரியில் தாக்கல் செய்ய வேண்டும். வரம்பைத் தாண்டியிருந்தால் எதிராளி மனுப் போட்டு ஜெயித்ததையே ரத்து செய்ய வைக்கலாம். எங்கள் வக்கீல் கணக்கைக் கூட்டினார், கழித்தார், மறுபடி கூட்டினார். எப்படிப் பார்த்தாலும் குண்டனி நாட்டு விருந்து வரம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. தாக்கல் செய்ய மூன்று நாள்தான் பாக்கி.

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்த விருந்தை யார் போட்டது?"

"நாமதானுங்க."

"இல்லை. அவங்க ஊர் வழக்கப்படி அவங்களே போட்டுக்கிட்டாங்க. நம்ம ஆளை விருந்தாளியாக் கூப்பிட்டாங்க, அவ்வளவுதான். ஊர்க்கவுண்டர்கிட்ட அப்படி ஒரு வாக்குமூலம் வாங்கிக்கிட்டு வா."

நான் தயங்கினேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தயங்கவில்லை. உட்கார்ந்து, ஒரே மூச்சில், அழகான வாசகமாக எழுதினேன். 'குண்டனி நாட்டு மகாஜனங்களாகிய நாங்கள் எங்கள் சொந்தப் பொருளைக் கொண்டு, எவருடைய தூண்டுதலும் இன்றி, எட்டு ஆடுகளும் ஆறு மூட்டை அரிசியும் செலவிட்டு நடத்திய விருந்து' என்று போனது அது. வக்கீல் படித்துவிட்டு, "பலே" என்றார். அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்: "வரம்பு என்னங்க வரம்பு, எழுதறது நாமதானே."

மறுநாள் மலையேறினேன். ஊர் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. சடையக் கவுண்டர் பாறைமேல் காயப்போட்ட மிளகைக் கையால் துழாவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஓடையோரமாக அவருக்கு ஒரு வயல் இருந்தது. குண்டனி நாட்டில் நெல் விளைகிற நிலம் கொஞ்சம்தான். அதில் நல்ல துண்டு அவருடையது. அந்த நிலத்துக்குத்தான் அவர் வரி கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி வெள்ளச்சி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

காகிதத்தையும் மைப்பெட்டியையும் எடுத்து வைத்தேன். கவுண்டர் காகிதத்தைத் தொடவில்லை. "இதுல என்ன எழுதியிருக்குதுங்க?" என்றார்.

வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். கைநாட்டு வாங்குவதற்கு முன்னால் எழுதியதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டு என்பது நம் தொழிலில் பால பாடம். எனக்குக் கால் வலித்தது. பொழுது இறங்குவதற்குள் பாதி மலையாவது இறங்க வேண்டும் என்ற அவசரம் வேறு. "ஒண்ணுமில்லீங்க. அந்த விருந்து ஊர்ச்செலவுன்னு எழுதியிருக்குது," என்றேன்.

அவர் மிளகைத் துழாவுவதை நிறுத்தினார். "அது ஊர்ச்செலவு இல்லீங்களே. மிட்டாதாரு செலவுங்க."

"எழுத்துலதானுங்க அப்படி. ஒங்களுக்கு இதனால ஒரு காசு நட்டம் இல்லை."

"ஏனுங்க, நான் கைய வெச்சா அது எஞ்சொல்லுங்களே."

"ஆமாங்க. ஒங்க சொல்லுதான். ஒங்க சொல்லுக்குத்தான் கச்சேரில மதிப்பு. அதுக்குத்தானே இத்தனை தூரம் ஏறி வந்தேன்."

அவர் கையில் ஒட்டியிருந்த மிளகைத் தட்டிவிட்டார். பிறகு கேட்டார்: "இது பொய்யின்னு ஆனா யாருக்குங்க குத்தம்?"

தம்பிகளே, இந்த இடத்தில்தான் நான் தவறினேன். மற்றதெல்லாம் இதற்கு முன்னாலும் பின்னாலும் வந்தவை. பையைக் கட்டிக்கொண்டே, முகத்தைக்கூடப் பார்க்காமல், சாமர்த்தியமாகப் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்: "பொய்யில்லேன்னா ஒருத்தருக்கும் குத்தமில்லீங்க."

அவர் தலையை ஆட்டினார். இடுப்பிலிருந்து ஒரு கற்றாழை நாரை உருவினார். "ஆடு எத்தனைங்க?" என்று கேட்டார்.

"எட்டு."

எட்டு முடிச்சுப் போட்டார். "அரிசி?"

"ஆறு மூட்டை."

கொஞ்சம் இடைவெளி விட்டு ஆறு முடிச்சுப் போட்டார். "எண்ணெய், மொளகா, உப்பு?"

அதையும் சொன்னேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். நாளைக்கு யாராவது விசாரித்தால் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது என்று மனிதர் சாட்சிக்குத் தயார் செய்துகொள்கிறார், இப்படி ஒரு சாட்சி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் முடிச்சுகளை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நாரை மடித்து மடியில் சொருகிக்கொண்டு, கட்டை விரலை நீட்டினார். கைநாட்டு அழகாக விழுந்தது.

கணக்கு நாள் தவறாமல் தாக்கலாயிற்று. வக்கீல் எனக்கு ஒரு ஜரிகை வேட்டி வாங்கிக் கொடுத்தார்.

ஒரு மாதம் போயிருக்கும். எதிராளி மனுப் போடுவதற்கு இன்னும் சில நாள் கெடு இருந்தது. ஒருநாள் காலையில் மிட்டாதாரின் காரியஸ்தர் அனுப்பிய ஆள் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து நின்றான். மலைக்காரர்கள் முப்பது பேர் பங்களா வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறார்களாம். எட்டு ஆடும் ஆறு மூட்டை அரிசியும் கொண்டுவந்திருக்கிறார்களாம். மிட்டாதாரிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார்களாம்.

வக்கீல் முகம் வெளுத்துவிட்டது. "வாங்கிட்டா நாமதான் விருந்து போட்டோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி. வாத்தியார் காதுக்கு எட்டினா தொலைஞ்சோம். ஓடு. என்ன சொல்வியோ தெரியாது, திருப்பி அனுப்பு," என்று என்னை முள்ளுக்குறிச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

நான் போகும்போது உச்சி வெயில். வாசல் கதவு சாத்தியிருந்தது. மிட்டாதார் ஊரில் இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டு உள்ளேதான் இருந்தார். வெளியே சுவரோரம் மலைக்காரர்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஆடுகள் வெயிலுக்கு நாக்கைத் தள்ளிக்கொண்டு நின்றன. அரிசி மூட்டைகளில் மிட்டாதாரின் கிடங்கு முத்திரை இருந்தது. அரிசி வாங்க வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தில் அவருடைய கிடங்கை விட்டால் வேறு போக்கு இல்லை. அவருடைய அரிசியை அவருக்கே திருப்பிக் கொடுக்க அவரிடமே விலைக்கு வாங்கியிருக்கிறார்கள்.

சடையக் கவுண்டர் எழுந்து வந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்ததை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். "சாமி, நீங்களே வந்துட்டீங்க. நல்லதாப் போச்சு. கதவத் தொறக்கச் சொல்லுங்க," என்றார். மடியிலிருந்து நாரை எடுத்து என் முன்னால் நீட்டினார். "எண்ணிப் பாத்துக்கோங்க. ஒண்ணு கொறையாது."

நான் அவரைத் தனியாக அழைத்துப்போனேன். "கவுண்டரே, இதெல்லாம் எதுக்குங்க? யாரு கேட்டா?"

"யாரு கேக்கோணுங்க? ஊர்ச்செலவுன்னு கைநாட்டு வெச்சேனுங்களே. பொய்யில்லேன்னா குத்தமில்லேன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. இத வாங்கிட்டாங்கன்னா அது ஊர்ச்செலவுதானுங்க. அப்பறம் பொய்யேது?"

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "அது சும்மா எழுதினதுங்க. கச்சேரிக்காக. அதை நீங்க இத்தனை பெரிசா எடுத்துக்கக் கூடாது. ஆட்டை ஓட்டிக்கிட்டு ஊடு போய்ச் சேருங்க."

"சும்மாவுங்களா?" என்றார் அவர். என் முகத்தையே பார்த்தார். அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். "நான் கைய சும்மா வெக்கலீங்களே சாமி."

அந்த நேரத்தில் நான் செய்திருக்கக் கூடிய காரியங்கள் இரண்டு உண்டு. கதவைத் தட்டி உள்ளே போய், வாங்கிக்கொள்ளுங்கள், வருவது வரட்டும் என்று மிட்டாதாரிடம் சொல்லியிருக்கலாம். அல்லது நாமக்கல்லுக்குத் திரும்பி, அந்த வாக்குமூலம் பொய், எழுதியவன் நான் என்று கச்சேரியில் சொல்லியிருக்கலாம். முதலாவது செய்தால் வேலை போகும். இரண்டாவது செய்தால் ஜெயிலுக்கே போக வேண்டி வரலாம். எனக்கு மூன்று பெண்கள். இதை மன்னிப்புக்காகச் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் என் புத்தி எப்படியெல்லாம் ஓடியது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நான் எதையும் செய்யாமல் நின்றேன்.

கவுண்டர் சாத்திய கதவைப் பார்த்தார். பிறகு தன் ஆட்களிடம் போய் ஏதோ பேசினார். திரும்பி வந்து சொன்னார்: "கொடுக்கறதுன்னு ஊட்டை உட்டு எறக்கினதைத் திரும்ப ஏத்தற வழக்கம் எங்கள்ல இல்லீங்க. விருந்துன்னு எழுதியிருக்குதில்லீங்க, விருந்தாவே போட்டுடறோம்."

முள்ளுக்குறிச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தோப்பு. அங்கே அடுப்புக் கூட்டினார்கள். பாத்திரங்களைக் கோயிலில் கேட்டு வாங்கினார்கள். சந்தைக்கு வந்தவர், போனவர், வண்டிக்காரர், பிச்சைக்காரர் என்று எல்லோரையும் கைகூப்பி அழைத்து உட்கார வைத்தார்கள். மலைமேல் நாங்கள் போட்ட விருந்தில் ஆர்ப்பாட்டம் இருந்தது, கொட்டு முழக்கம் இருந்தது. இங்கே யாரும் இரைந்து பேசவில்லை. சேந்தமங்கலத்திலிருந்து மிளகு வாங்க வந்திருந்த ராவுத்தர் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். மலைக்காரர்களோடு நெடுநாள் வியாபாரம் செய்கிறவர்.

"என்னங்க இது கூத்து?" என்றார் என்னிடம். "கவுண்டரு மூணு வருச மிளகை முன்கூட்டியே எங்கிட்ட வித்துட்டாரு. வேண்டாமுங்க, கஷ்டப்படுவீங்கன்னு எத்தனையோ சொன்னேன். ஏரு மாட்டையும் வித்தாச்சு. அதுவும் பத்தலைன்னு ஓடையோர வயலை அடமானம் வெச்சுட்டாரு. என்ன நோம்பி, பண்டிகைங்க இது? யாருக்காகப் போடறாரு?"

நான் தெரியாது என்றேன்.

பந்தி உட்காரும் நேரத்தில் கவுண்டர் என்னிடம் வந்தார். "சாமி, காகிதத்துல எழுதினத ஒருக்கா வாசிச்சுடுங்க. எங்காளுக கேக்கட்டும்."

தாக்கல் செய்த காகிதத்தின் நகல் என் பையில் இருந்தது. எடுத்தேன். அத்தனை பேர் முன்னாலும் நின்று வாசித்தேன். 'எங்கள் சொந்தப் பொருளைக் கொண்டு, எவருடைய தூண்டுதலும் இன்றி, எட்டு ஆடுகளும் ஆறு மூட்டை அரிசியும் செலவிட்டு நடத்திய விருந்து.' எழுதும்போது ஒரு சொல்கூட உண்மை இல்லை. வாசிக்கும்போது ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கைநாட்டு வாங்குவதற்கு முன்னால் அந்தப் பாறைமேல் வாசித்திருக்க வேண்டியதை, எல்லாம் போன பிறகு அந்தத் தோப்பில் வாசித்தேன்.

கவுண்டர் நாரில் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக எண்ணி அவிழ்த்துக்கொண்டே வந்தார். கடைசி முடிச்சும் அவிழ்ந்ததும் நாரை அடுப்பில் போட்டார். "மொத எலை உங்களுக்குத்தானுங்க. எழுதினவங்க நீங்க," என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். வெள்ளச்சி சோறு போட்டாள். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வேண்டாம் என்று எழுந்திருக்க எனக்குத் துணிவு இல்லை. நான் சாப்பிட்டேன். அவர் நியாயப்படி பார்த்தால் அன்றிலிருந்து நான் அவருக்குக் கட்டுப்பட்டவன்.

பிறகு நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்களோ அழுவீர்களோ தெரியாது. வாத்தியார் மனுவே போடவில்லை. மனுப் போட வேண்டுமானால் முன்பணம் கட்ட வேண்டும். அவரிடம் அது இல்லை. தேர்தலில் அவர் செய்த செலவு வரம்பில் கால்வாசிக்குக்கூட வந்திருக்காது. அதற்கே குடையைத் தவிர எல்லாம் போயிற்று. கெடு முடிந்தது. எங்கள் கணக்கை யாரும் ஆட்சேபிக்கவில்லை, யாரும் பிரித்துப் பார்க்கவும் இல்லை. அந்த வாக்குமூலம் கட்டோடு கட்டாகக் கச்சேரி அலமாரிக்குப் போயிற்று. எவனும் கேட்காத ஒரு கேள்விக்குச் சடையக் கவுண்டர் தன் வயலைப் பதிலாகக் கொடுத்திருந்தார்.

நான் அடுத்த மாதமே எங்கள் வக்கீலிடம் போய், மிட்டாதார் அந்த அடமானத்தை மீட்டுக் கொடுக்கட்டும், அவருக்கு அது ஒரு நாள் செலவு என்றேன். வக்கீல் சொன்னார்: "நல்ல யோசனைதான். ஆனா இப்பக் கொடுத்தா எதுக்குக் கொடுத்தீங்கன்னு கேள்வி வரும். கொஞ்ச நாள் போகட்டும்." கொஞ்ச நாள் போயிற்று. வட்டியும் ஏறியது. ஏர் மாடு இல்லாமல் வயல் ஒரு போகம் தரிசாகக் கிடந்தது. மூன்றாம் வருஷம் வயல் அடிவாரத்து லேவாதேவிக்காரர் ஒருவருக்குக் கிரயமாயிற்று. அந்தக் கிரயப் பத்திரத்தையும் என்னையே எழுதச் சொன்னார்கள். உடம்பு சரியில்லை என்று வீட்டில் படுத்துக்கொண்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் எந்தெந்த இடம் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

செலவுக்கு வரம்பு வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டும் என்றுதான் சொல்வேன். வரம்பே இல்லாவிட்டால் அந்த வாத்தியார் மாதிரி ஆள் மலைப்பாதையில் கால் வைக்கவே தைரியப்படமாட்டார். ஆனால் வரம்பு மிட்டாதாரின் கையைக் கட்டவில்லை என்பதை நான் கண்ணால் கண்டவன். அவர் செலவழித்தார், ஜெயித்தார். வரம்புக்கு மேலே வழிந்ததைத் தூக்கி, எதிர்த்துப் பேசத் தெரியாத ஒருவர் தலையில் வைத்தோம். வைத்த கை என்னுடையது. சட்டம் எழுதுகிறவர்கள் இதற்கு ஏதாவது வழி செய்வார்களா என்று எனக்குத் தெரியாது. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நாளைக்கு உங்கள் வக்கீலும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உங்களைப் பார்ப்பார். அப்போது அந்தச் செலவு யார் பெயருக்குப் போகிறது என்று கேளுங்கள். அந்த ஆள் உங்கள் காகிதத்தை உங்களைவிடப் பெரிதாக நம்புகிறவராக இருந்தால், பேனாவை மூடிவிடுங்கள். திட்டு வாங்குவது நம் தொழிலுக்குப் புதிதல்ல.

இதோடு நிறுத்தியிருக்கலாம். போன மாதம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

மலைப்பக்கத்து ஆட்களின் பெயர் எனக்குத் தெரியும் என்பதால், புது ஓட்டர் ஜாபிதாவைச் சரிபார்த்துக் கொடுங்கள் என்று ஒரு வக்கீல் கேட்டார். குண்டனி நாட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். மேலிருந்து கீழே வரை விரலை வைத்துத் தேடினேன். சடையக் கவுண்டர் பெயர் இல்லை. நிலம் போயிற்று, நிலவரி போயிற்று, அதோடு ஓட்டும் போயிற்று.

நாலு நாள் கழித்துச் சேந்தமங்கலத்தில் அவரைப் பார்த்தேன். மண்டியில் உப்பு மூட்டைக்குக் கூலி பேசிக்கொண்டிருந்தார். இப்போது அவர் தலைச்சுமைக் கூலி. தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை அவர்தான் முதலில் அடையாளம் கண்டார்.

"சாமி, சௌக்கியமுங்களா?" என்றார். ஊர்க்கதை எல்லாம் பேசினார். வெள்ளச்சி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். பிறகு, "இந்தத் தடவ எனக்கு ஓட்டு இல்லீங்களாமா?" என்று கேட்டார்.

"இல்லீங்க கவுண்டரே," என்றேன்.

"அதானுங்க. ஊடு ஊடா வந்து கேக்கறாங்க, எங்க ஊட்டுக்கு யாரும் வரலீங்க," என்று சொல்லிச் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க சாமி, நம்ம காகிதம் கச்சேரில பத்திரமா இருக்குதுங்களா? எந்தக் காலத்துல எடுத்துப் பாத்தாலும் குண்டனி நாட்டான் சொன்ன சொல்லுத் தவறலைன்னு தெரியுமில்லீங்க?"

அந்தத் தேர்தல் கட்டுகளையெல்லாம் வைத்திருக்க வேண்டிய கெடு முடிந்ததும் பழைய காகிதத்தோடு சேர்த்துக் கொளுத்திவிட்டார்கள். கொளுத்தி ஆறு வருஷம் ஆகிறது.

"பத்திரமா இருக்குதுங்க," என்றேன்.

அவர் என் சொல்லை நம்பித் தலையை ஆட்டினார். நான்தான் ஒரு கை கொடுத்து உப்பு மூட்டையை அவர் தலையில் ஏற்றிவிட்டேன்.